பீரோவின் கீழ்த்தட்டு

ஆனையூர்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசப் பயமாக இருக்கிறது. இங்கே சுவர் மெல்லிசு. அதனால் இதை உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டதாக எழுதிக் கொடுத்தோமே, அதற்காக. உங்கள் சம்பளத்தைச் சேர்க்காவிட்டால்தான் வருமானச் சான்று கிடைக்கும், காப்பீட்டு அட்டை கிடைக்கும், நிலோபருக்கு இதய ஆபரேஷன் நடக்கும். அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு சாயிரா அக்காவிடம் கேட்டார். "அந்தாளா? புள்ள இம்புட்டு முடியாமக் கிடக்கையில விட்டுட்டுப் போனவன் பேச்ச எடுக்காதீங்க சார்!" நாம் சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே திட்டினார். எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு வி.ஏ.ஓ. உள்ளே வந்து, "அந்தப் பீரோவத் திறம்மா, ஆம்பளத் துணி இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

நாலு நாள் துணி மட்டும் எடுத்துப் போங்கள் என்று நான்தான் சொன்னேன். மிச்சத்தை ஒளித்துவைக்க மறந்துவிட்டேன். நீங்கள் போனபின் உங்கள் தட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. அதில் நிக்காஹ் சட்டை இருக்கும், பாஸ்போர்ட் இருக்கும்.

திறந்தேன். எதுவும் இல்லை.

அவர் உடனே நம்பிவிட்டார். "அழாதம்மா, சான்று வந்துரும்" என்றார்.

அட்டை வந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றீர்கள். எந்தத் தேதி என்று நிலோபர் கேட்கிறாள். தம்பியிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பீரோவை இன்னும் மூடவில்லை.

உங்கள் மனைவி