மணலில் வைத்த சிவப்பு அச்சு

புதுவாயல்
4-2-2007

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் நலம். மகனுக்காக மாமியும் கணவருக்காக நானும் ஐந்து நேரமும் துஆ செய்கிறோம்.

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த இஜாஸ் பாய் நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைத் தந்தார். நீங்கள் வேலை பார்க்கும் கடையின் சிவப்பு சிலிக்கான் கேக் அச்சை, அந்தப் பூ வடிவ அச்சை, மாமி மடித்து மடித்துப் பார்த்தார்கள். "இன்னாடி இது, ரப்பர் செருப்பு மாதிரி கீது. அடுப்புல வெச்சா உருகிக்கினு போவாதா?" என்றார்கள். அவர் விற்கிற பொருள், உருகாது என்றேன்.

போனில் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் கேன்டீனை நடத்தும் ஆசீர்வாதம் அண்ணன், சனிக்கிழமை டீயோடு கொடுக்க வாரம் ஆறு கேக் கேட்கிறார். வெள்ளியன்று மாதிரி கேக் கொடுக்க வேண்டும். பிடித்தால்தான் ஆர்டர். "பொழுதுபோக்கா செய்" என்பீர்கள். எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை, மச்சான். உங்கள் அச்சிலேயே சுடப்போகிறேன்.

உங்கள்
ஹுமைரா

புதுவாயல்
18-2-2007

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம். மறைக்க மனம் வரவில்லை.

நம் வீட்டில் ஓவன் ஏது? மணல் கொட்டிய கனத்த பாத்திரம்தான். தகட்டுப் பாத்திரத்தை வைப்பதுபோலவே உங்கள் அச்சையும் நேராக மணல்மேல் வைத்துவிட்டேன். மாவின் பாரத்தில் அடி மணலுக்குள் தொய்ந்து, கேக்கின் அடியெல்லாம் மேடும் பள்ளமும். பக்கங்கள் சிவக்கவே இல்லை. வெள்ளியன்று ஆசீர்வாதம் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்து, "இன்னாம்மா, கேக்குக்குச் சோகையா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொன்று கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திங்களன்று ஒரே மாவை இரண்டாகப் பிரித்தேன். பாதி உங்கள் அச்சில், இந்த முறை அடியில் ஒரு தட்டு வைத்து. பாதி வெங்கடேசன் அண்ணன் பட்டறையில் அடித்துக் கொடுத்த அலுமினியப் பாத்திரத்தில். அச்சில் வெந்தது எண்ணெய் தடவாமலே வழுக்கி வந்தது, ஆனால் வெளுப்பு போகவில்லை. அலுமினியத்தில் வெந்ததன் ஓரம் பொன்னாகச் சிவந்திருந்தது. அதைத்தான் கொண்டுபோனேன். ஆசீர்வாதம் அண்ணன் இரண்டு துண்டு தின்றுவிட்டு ஆர்டர் கொடுத்தார். முதல் ஆறு கேக்கும் நேற்றுப் போயிற்று. ஒரு துண்டும் திரும்பவில்லை.

நீங்கள் ஆசையாய் அனுப்பியதைக் கேக்குக்கு ஆகாது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதில் கடல்பாசியைப் பாலில் காய்ச்சி ஊற்றிக் குளிரவைத்தேன். இதழ் பிசகாமல் பூவாகவே கவிழ்ந்தது. மாமி தெருவுக்கே காட்டினார்கள். நோன்பு திறக்க இனி கடல்பாசி அதில்தான்.

கோபம் இல்லையே?

ஹுமைரா

ஷார்ஜா
3-3-2007

அன்பு ஹுமைராவுக்கு,

ஸலாம். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை முகம் சுருங்கியது உண்மை. நான் கடையில் வைத்துப் புகழ்கிற சாமான் அல்லவா.

நேற்று ஓர் அம்மா வந்து, சிலிக்கான் நல்லதா தகடு நல்லதா என்று கேட்டார். வழக்கமாக விலை கூடினதைத்தான் எடுத்து நீட்டுவேன். நேற்று, "நீங்க எதுல சுடுறீங்க, இன்னா சுடுறீங்க?" என்று கேட்டேன். ஓரம் சிவக்கணும் என்றால் தகடு, குளிரவைத்துக் கவிழ்க்க சிலிக்கான் என்றேன். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்டார். எங்க ஊட்டுல கேன்டீனுக்கே கேக் போடுறாங்க என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

பொழுதுபோக்கு என்று இனி சொல்லமாட்டேன். வெங்கடேசன் அண்ணனிடம் இன்னும் இரண்டு பாத்திரம் அடிக்கச் சொல்.

உறையின் மேல் முகவரியைப் பார். இத்தனை நாளும் "நியாஸ் வீடு" என்று எழுதினேன். இந்த முறை "ஹுமைரா, கேக் செய்பவர், புதுவாயல்". உனக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். இருக்கட்டும்.

நியாஸ்