அளவு கேட்காமல் தைத்த வெள்ளைக் கோட்டு

திருச்செங்கோடு,
20.10.86

அன்பு மகள் கோகிலத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சளி விட்டதா, மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறாய்? இன்று எழுந்ததும், வாசல்கூடத் தெளிக்காமல், சரவணமுத்து வீட்டார் உனக்கென்று கொடுத்தனுப்பிய வெள்ளைக் கோட்டை மடித்து ஒரு பையில் வைத்தேன். அளவு கேட்காமல் தைத்தது, உன்னைப் போல் இரண்டு பேர் அதற்குள் நுழையலாம். மார்பில் அவர்களுடைய ஸ்கேன் சென்டரின் பெயர் சிவப்பு நூலில். நீ படிப்பையே முடிக்கவில்லை, பெயர் போட்ட கோட்டு வந்துவிட்டது.

அப்பா உனக்குப் பாதிதான் எழுதியிருப்பார். நாலு போர்வெல் ரிக்கும் ஆறு லாரியும் வைத்திருக்கும் சரவணமுத்து ஆவணியில் ஒரு ஸ்கேன் மிஷினும் வாங்கிவிட்டார். மிஷினுக்கு ஆள் இல்லை, அதனால் மகனுக்குப் பெண் தேடுகிறார். சேலத்திலிருந்து ஒரு டாக்டர் வாரம் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுவாராம், மற்ற நாளெல்லாம் நீயாம். நம் வீட்டில் உட்கார்ந்து, ஏனுங்க மயில்சாமி, அதுக்கெதுக்குங்க ரெண்டு வருசப் படிப்பு, போர் போடற பையன் பத்து நாள்ல தொழில் கத்துக்கறான், அது பூமிக்குள்ள பாக்கறது, இது வகுத்துக்குள்ள பாக்கறது, அவ்வளவுதானுங்களே என்றார். அப்பா ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார். அவருடைய ரிக் நம் காட்டில் மூன்று இடத்தில் இறங்கியும் புழுதிதான் வந்தது என்பது அந்த நேரத்தில் அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. மிச்சம் ஏழு மாதப் படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் படிக்கட்டும் என்கிறார் சரவணமுத்து. ஸ்கேன் பார்ப்பதைத் தபாலில் படித்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

ஆயுதபூஜையன்று மிஷினைக் காட்ட எங்களை அழைத்திருந்தார்கள். லாரிக்குக் கட்டுவது போல அதற்கும் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். வயிற்றில் வைக்கிற கைப்பிடியின் முகத்தில் நகம்கூடப் படக்கூடாது என்று எழுதியிருந்தாயே, அதில் அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோக, வேலைக்காரப் பெண் அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சரவணமுத்துவின் சம்சாரம் சென்னியம்மாள் மலைக்கோயிலிலிருந்து வந்தார். பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்த வாயால் என்னைக் கேட்டார், அம்மிணிக்கு ஆணா பொண்ணானு பாக்கத் தெரியுமுங்களா, அது தெரிஞ்சாப் போதுமுங்க, ஈரலும் கிட்னியும் நமக்கெதுக்கு, இப்பவே பதினோரு பேரு சொல்லி வெச்சிருக்காங்க என்று. பெண் என்று தெரிந்தபின் அந்தப் பதினோரு பேரும் எங்கே போவார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பி.எஸ்ஸி. படித்த உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? காபி நன்றாக இருக்கிறது என்றாள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் என்னைப் பார்த்துத்தான் நான் சிரிக்க வேண்டும். உன்னைப் பெற்ற வருஷம் இந்த ஊரில் ஒரு மிஷின் இருந்து, அதன் பக்கத்தில் இப்படி ஒருத்தி நின்றிருந்தால், இந்தக் கடிதத்துக்கு விலாசமே இருந்திருக்காது சாமி.

முதல் நாலு மாதம் ஈரலையும் பித்தப்பையையும் தவிர வேறெதையும் உன் சார் பார்க்க விடவில்லை என்றும், படத்தில் தெரியாததை எழுதினாய் என்று ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்டார் என்றும் அழுது எழுதினாய். அன்று அவர்மேல் கோபம் வந்தது. இன்று அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் இன்னும் பத்து ரிப்போர்ட்டைக் கிழித்தாலும் வாங்கிக்கொள்.

வியாழக்கிழமை நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்ற வருகிறார்கள். அதை மாற்றிவிட்டால் நம்மவர்களில் பேச்சு மாறக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்படு என்று தந்தி வரலாம். வந்தால் கிளம்பாதே, நான் கல்லு மாதிரி இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. படிப்பை முடித்து, கண்ணும் கையும் தெளிந்து, உன் அளவுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்க என் ஆசீர்வாதம்.

இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே பையோடு சரவணமுத்து வீட்டுக்கு நடக்கப்போகிறேன். கோட்டைச் சென்னியம்மாள் கையில் கொடுத்து, உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், எங்கள் பெண் வரமாட்டாள் என்று சொல்லப்போகிறேன். காபி கொடுத்தால் குடிக்கமாட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா,
வசந்தாமணி