செந்தளிருக்கு வாய் கிடையாது

மார்ச் 8, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில். முதல் பூசை. தபசு காலம், ஈஸ்டர் வரை ஞாயிறு தவிர ஒரு வேளைச் சாப்பாடுதான்.  இதில் நாற்பத்தெட்டு கட்டுரை நோட்டு திருத்த வேண்டும்.

பத்திரிகை ஆசிரியர் சொல்லியனுப்பினார், என் தொடர் சூடு பிடித்துவிட்டதாம். கூர்ஞ்செவியர். காட்டு ஜனங்கள், கூரான காது, ஆயிரம் வருஷ ஆயுசு. அவர்களைவிட அவர்கள் சாமிகளுக்குத்தான் மவுசு என்கிறார். நான் பண்ணின சாமிகள்:

வேரன் - மண்ணுக்கு
நீலச்சி - ஓடைக்கு
செந்தளிர் - காய்ச்சலுக்கும் புதுத் துளிருக்கும்

மூவருக்கும் வாய் கிடையாது. பேசுகிறவர்கள்தான் பள்ளிக்கூடம் நிறைய இருக்கிறார்களே. செந்தளிரை யாரும் கூப்பிட முடியாது. அவளாகப் புழுதிக் காலோடு நடந்து வருவாள், கையால் எதையாவது கொடுப்பாள், போவாள்.

போன வாரம் வந்தது: காய்ச்சல் பிள்ளைக்காகத் தாய் ஏழு நாள் விரதம். பிள்ளைக்கு இலையில் விழுந்த சொட்டு நீர் மட்டும், வெளியார் கை படக்கூடாது. எல்லாம் நம் தபசு காலத்தில் திருடியது. வரும் வியாழன் வருவது, பன்னிரண்டாம் அத்தியாயம்: ஏழாம் நாள் பிள்ளை மரமாகிவிடுகிறாள். தாய் மரத்தில் காதை வைத்துக் கேட்கிறாள். எழுதும்போது நானே அழுதேன். கொஞ்சம் பெருமையும்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸிலிருந்து கடிதக் கட்டு. எல்லாம் ‘அன்புள்ள ஐயா’. (புனைபெயர் ஆம்பிளைப் பெயர். பள்ளிக்கூடம் நடத்தும் மதருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.) ஒன்று எடப்பாடியிலிருந்து, நம் பத்திரிகை விற்கும் கடைக்காரர் காதர் பாய், சனிக்கிழமை எழுதியது:

“தங்கள் கதையை வாரா வாரம் சரசு என்ற ஒன்பது வயதுப் பிள்ளை என் கடை வாசலில் சத்தமாகப் படிக்கும். தறிக்காரர் வீடு, தகப்பன் இல்லை. பத்து நாளாக விஷக் காய்ச்சல். தாயார் பாவாயி இன்று முதல் தாங்கள் எழுதியபடி செந்தளிருக்கு விரதம் பிடித்துவிட்டாள். மருந்து இல்லை, கஞ்சி இல்லை. கம்பவுண்டரை வாசலோடு திருப்பிவிட்டாள். அடுத்த புத்தகம் வந்தால் சாமி செய்வது தெரியும் என்கிறாள். ஐயா, அடுத்ததில் என்ன வருகிறது?”

 அடுத்ததில் பிள்ளை சாகிறது, பாய்.

ஆபீஸுக்கு ஓடினேன். பிரதிகள் கட்டாகி அடுக்கியிருக்கிறது. “ஒரு வாசகிக்காக நிறுத்தச் சொல்றீங்களா?” என்று சிரித்தார் ஆசிரியர்.

இன்று விரதத்தில் மூன்றாம் நாள்.

மார்ச் 10, செவ்வாய்

லீவு லெட்டர்: கடும் தலைவலி. பொய்.

எட்டரை பஸ். எடப்பாடிக்கு இரண்டு மைல் இருக்கையில் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் புகை. காத்திருக்கப் பொறுக்கவில்லை, இறங்கி நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டேன். தார் கொதித்ததால் ஓர மண்ணில் நடந்தேன்.

காதர் பாய் கூட்டிப் போனார். கையில் கூஜா, அவர் வீட்டுப் பார்லித் தண்ணீர். தினம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறாராம். இருட்டு வீடு, நின்றுபோன தறி. கயிற்றுக் கட்டிலில் பிள்ளை, உதடெல்லாம் வெடிப்பு. மூலையில் மஞ்சள் பூசிய கல், முகம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் நான் எழுதியபடியே. 

“இந்த டீச்சரம்மாதான் அந்தக் கதை எழுதறவங்க, பாவாயி.”

“பொம்பளைங்களா? ஆம்பளப் பேருன்னு சரசு படிச்சுதுங்களே.”

“கதைம்மா. நானே கட்டினது. அப்படி ஒரு சாமியே கிடையாது.”

“அவ சொல்லாம உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?”

 வேறு வழியில் போனேன். “சரி, அவளே இப்ப சொல்லிட்டா. விரதம் போதும்னு.”

கட்டிலிலிருந்து ஈனக்குரல்: “செந்தளிருக்கு வாயே கெடையாதுங்க.”

சரசு. கண்ணை மூடியபடி, அந்த நிலையிலும் பிழை திருத்துகிறாள். பாவாயி என்னைப் பொய்க்காரியைப் போலப் பார்த்தாள்.

பதினாறு வருஷமாகப் பேசியே சம்பளம் வாங்குகிறவள் நான். வார்த்தை தீர்ந்துவிட்டது. கூஜாவை வாங்கி டம்ளரில் ஊற்றினேன். கட்டிலருகே போய் நின்றேன், பேசாமல். சரசு கண்ணைத் திறந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

“அம்மா, கால்ல புழுதி.”

வாயைத் திறந்தாள். அரை டம்ளர் உள்ளே போனது.

பாவாயி தடாலென்று விழுந்தாள். நெற்றி என் பாதத்தில். “வந்துட்டியா சாமி! நடந்தே வந்துட்டியா!”

சேசுவே. நான் வேதக்காரி, என்னைக் கும்பிடாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்வாள். கழுத்துச் சிலுவையை முந்தானைக்குள் தள்ளினேன். இரண்டாம் டம்ளர். மூன்றாவது.

“சாமியே கைய வெச்சிருச்சு. இனி ஆரு தொட்டா என்னங்க?” பாவாயியேதான் சொன்னாள். பாய் வண்டி பிடிக்க ஓடினார். டாக்டர் ஊசி போட்டார், டைபாய்டு என்றார். “நாளைக்குன்னா சொல்றதுக்கில்லை.” பஸ் ஏறும்வரை நான் வாய் திறக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

புத்தகம் வந்தது. மரத்துக்கு முழுப் பக்கப் படம். பார்க்கப் பிடிக்கவில்லை. எடப்பாடிக் கட்டைப் பிரிக்காமல் அரிசி மூட்டைக்கு அடியில் வைப்பதாகப் பாய் அன்று பாவாயி வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மதர்: “தலைவலி தேவலையா?” பார்வையில் சந்தேகம்.

மார்ச் 13, வெள்ளி

பாயின் கார்டு. காய்ச்சல் இறங்குகிறது. கஞ்சி குடிக்கிறாள். புத்தகம் எங்கே என்று அவரைத் துளைக்கிறாளாம். ‘பாவாயி கல்லை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்தும் கும்பிட வருகிறார்கள்.’

சந்தோஷத்தில் இரண்டு தரம் படித்தேன். கடைசி இரண்டு வரியில் பயம். மாலை கோவிலில் சிலுவைப்பாதை செபத்தில் மனம் நிற்கவில்லை.

மார்ச் 14, சனி

பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவத்தைச் சொல்லும் நாள். எனக்கு முன்னால் ஆறு பேர். லீவு லெட்டர் பொய்யை முதலில் சொன்னேன், சுலபம் என்று. பிறகு மற்றது. தட்டிக்கு அப்புறமிருந்து குரு கேட்டார்:

“உன்னைச் சாமின்னு விழுந்து கும்பிட்டாங்க. நீ மறுக்கலை?”

“இல்லைங்க சாமி.”

“செஞ்சதுக்கு மனஸ்தாபப்படுறியா, வருந்துறியா?”

மூன்று டம்ளர். அந்த உதடு.

“இல்லைங்க சாமி.”

“அப்படின்னா நான் மன்னிப்புக் கொடுக்க முடியாதும்மா.” பாஸ்காவுக்குள், ஈஸ்டருக்கு முன்னால், யோசித்து வரச் சொன்னார். குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. நாளை பூசையில் எல்லோரோடும் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்க முடியாது. மதர் உட்பட எல்லோரும் பார்ப்பார்கள். கிணற்றடியில் நின்று அழுதேன்.

முகம் கழுவினேன். பேனாவுக்கு மசி போட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயம், புதிதாக. சரசு ஒருத்திக்கு மட்டும், கையெழுத்தில். பிள்ளை மரமாகவில்லை. நான்காம் நாளே செந்தளிர் வருகிறாள், புழுதிக் காலோடு. இதிலும் பேசவில்லை. குனிந்து கொடுக்கும்போது, கழுத்தில் கிடக்கும் எதையோ முந்தானைக்குள் தள்ளிக்கொள்கிறாள்.