செவலை உட்கார்ந்திருக்கும் இடம்

தாகேதா, ரங்கூன்
9-11-2003

சாந்தாவின் அப்பாவுக்கு, கமலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. நானும் சாந்தாவும் சுகம். உங்கள் சுகம் கேட்டு எழுதிய எதற்கும் பதில் இல்லை. போன வருஷத் தீபாவளிக்கு வந்ததுதான் கடைசிக் கடிதம். மலேசியாவில் அதே கிள்ளான் விலாசத்தில்தான் இருக்கிறீர்களா என்பதும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். மாதக் கடைசியில் அலோனில் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். ஐந்தாம் மாடி. நாய்கள் கூடாதென்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பக்கத்துப் பௌத்த மடத்தில் கேட்டேன். ஊரார் கொண்டுவந்து விட்ட நாய்களுக்கே சோறு போதவில்லையாம்.

அதனால் நம் நாய்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, ஆறு தாண்டித் தன்லினுக்குப் போனேன். ஞாயிறுதோறும் நீங்கள் அவற்றைக் கூட்டிப்போன, இடிந்த பழைய தேவாலயத்துக்குத்தான். தங்கவேலு அண்ணன் தன் காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டார். வண்டி நின்றதும் கறுப்பனும் செவலையும் குதித்து ஓடி, கூரையில்லாத அந்தச் செங்கல் சுவர்களைச் சுற்றிச் சுற்றி மோந்தன. உங்களைத்தான் தேடின. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் டோ கின் என்ற பர்மிய அம்மாள், இடிபாட்டில் திரியும் நாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிறவர். இவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, அன்பாகத்தான் கூப்பிட்டார். இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பர்மிய மொழி தெரிந்தால்தானே! சாந்தாகூட நான் தமிழில் கேட்டால் பர்மிய மொழியில்தான் பதில் சொல்கிறாள். நம் வீட்டில் தமிழுக்குக் கட்டுப்பட்டவை உங்கள் நாய்கள் மட்டும்தான். டோ கின்னுக்கு ‘வா’, ‘சாப்பிடு’ என்று சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு நீங்கள் பழக்கியபடியே, ‘இரு’ என்றேன். இரண்டும் உட்கார்ந்தன. நான் வந்து வண்டியில் ஏறிவிட்டேன். பாலம் தாண்டும்வரை அழுதேன்.

நேற்று தங்கவேலு அண்ணன் அந்தப் பக்கம் போய்வந்தார். கறுப்பன் டோ கின்னோடு ஒட்டிக்கொண்டதாம். செவலை மட்டும் அவர் கூப்பிட்டால் எழுந்துபோய்த் தின்றுவிட்டு, நான் இருக்கச் சொன்ன இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறதாம்.

புறப்பட்ட அன்று வாசலில் நீங்களும் என்னிடம், ‘இரு, வந்துவிடுகிறேன்’ என்றுதான் சொன்னீர்கள். இருந்துகொண்டுதான் இருக்கிறேன். அலுத்துப்போய்விட்டது. உங்களுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதென்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உண்மையானால் அதையாவது எழுதுங்கள். சண்டைக்கு வரமாட்டேன். அதற்குத் தெம்பும் இல்லை.

அலோன் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. முருகன் உங்களைச் சுகமாக வைக்கட்டும். என்னைப் பார்க்க வராவிட்டாலும், ஒரு தடவை தன்லினுக்கு வந்து செவலையை எழுப்பிவிட்டுப் போங்கள். என் குரலை அது இனி நம்பாது.

இப்படிக்கு,
கமலாட்சி