குளம்பொலி கேட்பேன்

1957, பங்குனி மாதம், வியாழக்கிழமை

சாயங்காலம் பேத்தி மல்லிகா நோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். ‘குளம்பொலி’க்குப் பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருக்கிறார் அவளுடைய அஞ்சாம் வகுப்பு வாத்தியார். நானும் அஞ்சாவது படித்தவளாச்சே, இந்த வீட்டில் எழுத்தெல்லாம் என்னிடம்தான் திருத்தத்துக்கு வரும்.

பொருள் சரியாகவே எழுதியிருந்தாள்: குதிரை நடக்கும்போது வரும் டக் டக் சத்தம். அதுக்குக் கீழே வாக்கியம்: ‘என்னோடு படிக்கும் சரசு அடுத்த வருஷம் குதிரை வண்டியில் நாமக்கல் பள்ளிக்கூடம் போவாள், நான் வாசலில் நின்று குளம்பொலி கேட்பேன்.’

“நீயும்தான சாமி ஆறாவதுக்கு அந்த வண்டியில போவே?”

“இல்லீங்க அப்பத்தா. அஞ்சோட போதும்னு அப்பா சொல்லிட்டாருங்க.”

சோறு போடும்போது மகனைக் கேட்டேன். அவன் சிரிக்கிறான்.

“ஏனுங்கம்மா, அஞ்சு படிச்சதே எனக்குப் போதும்னு ஊரெல்லாம் நீங்கதான பெருமை பேசறீங்க? உங்க பேத்திக்கு மட்டும் பத்தாதா?”

அந்தப் பிள்ளையின் படிப்பை நானே என் வாயால் கெடுத்திருக்கிறேன்.

அந்த வயசில் எங்கள் வாசலோடும் ஒரு குதிரை வண்டி போகும். அண்ணன் அதில் பள்ளிக்கூடம் போவான். சத்தம் தேயும்வரை கதவுக்குப் பின்னால் நின்று அழுவேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விடிந்ததும் மகனை உட்கார வைத்துச் சொல்லிவிடணும். என் பெருமை போனால் போகட்டும்.