இரண்டு ஒயரிலும் குங்குமம்

நவ. 21, வெள்ளி

காலையிலிருந்து தூறல். அஸ்தம்பட்டி விடுதியில் துணி காயவில்லை.

பாக்கி: படம் 3-க்கு விளக்கம். மேற்கோள் பட்டியல். குஞ்சுக் கூண்டு கழுவ.

திங்கள் மாலை என் ஆய்வு வழிகாட்டி மேடம் கட்டுரையை இதழுக்கு அனுப்புகிறார். அது வெளியானால்தான் இந்த வருடம் ஆய்வேடு கொடுக்க முடியும். இடப்பக்கச் சத்தத்துக்குக் கோழிக்குஞ்சின் வலப்பக்க மூளை துடிக்கும் என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் குஞ்சுகளில் இடப்பக்கம் துடித்தது. “யாரும் பார்க்காதது” என்று மேடம் துறை முழுக்கச் சொல்லிவிட்டார். யாரோ கைகுலுக்க வந்தார். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா போனில்: “உங்கப்பாவுக்குக் காது போச்சாட்ட இருக்குது. கூப்புட்டா வேற பக்கம் திரும்பறாரு.” இருபது வருடமாக ரிக் வண்டிச் சத்தத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். குஞ்சுகளுக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டியை மேடத்திடம் கேட்டு வாங்கினேன். கேட்கும் முன் மூன்று முறை ஒத்திகை.

நவ. 22, சனி. திருச்செங்கோடு

பஸ்ஸில் இடமில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஒன்றரை மணி நேரம்.

குஞ்சுக்கான குழாயைக் கழற்றி, ஹெட்போன் சொருகி, அப்பாவுக்கு மாட்டினேன். சத்தம் வரும் பக்கம் கை நீட்டச் சொன்னேன். இடது கொடுத்தால் வலது. வலது கொடுத்தால் இடது. இருபது முறையும்.

“ஏனுங்க, வேணும்னே மாத்திக் காட்டறீங்களா?” என்றாள் அம்மா.

“கேக்கறதத்தான் காட்டறேன். உம்பட மிசினுதான் கோக்குமாக்காப் பேசுது சாமி.”

“அப்புறம் நாங் கூப்புட்டா எதுக்குத் திரும்பறதில்ல?”

“திரும்புனா வேல வெப்பீல்ல.”

சிரிக்க முடியவில்லை. ஒரு காது போனவர் எல்லாவற்றுக்கும் நல்ல காதுப் பக்கமே கை நீட்டுவார். இப்படி ஒழுங்காக மாற்றிக் காட்ட மாட்டார். நானே மாட்டிக்கொண்டு இடது பொத்தானை அழுத்தினேன். வலக்காதில் டிக்.

நவ. 23, ஞாயிறு

பெட்டிக்குள் சொருகும் ஒயர் இரண்டும் கறுப்பு. வலது ஒயரில் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தது நான். பொட்டும் போய்விட்டது. பிறகு மைக்ராஸ்கோப், ஃபிரிட்ஜ், பெட்டி, ஒயர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் எது கொஞ்சம் அதிகச் சிவப்போ அதை வலது என்று சொருகினேன். புதுப் பொட்டும் வைத்தேன்.

பூஜைக்கு முந்தைய ஆறு குஞ்சுகளும் எல்லோரும் எழுதியது போலத்தான். கை பழகாத காலம் என்று ஒதுக்கிவிட்டேன். மேடத்திடம் காட்டவில்லை. குஞ்சு கை நீட்டிக் காட்டாது.

இப்போது ஒயரைச் சரியாகச் சொருகிவிட்டு, பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்?

அப்பா ரிக் வண்டி முதலாளியிடம் போனில்: “ஆமாங்க, பாப்பா இந்த வருசமே டாக்டரு ஆயிருதுங்க.”

நவ. 24, திங்கள்

மழை விட்டது. ஒத்திகை பார்த்த வாக்கியம் மேடத்தின் அறை வாசலிலேயே மறந்துபோனது.

“ஒயரை மாத்திச் சொருகிட்டேங்க மேடம்.”

அவருக்குப் புரியவில்லை. ஹெட்போனைக் கொடுத்தேன். இடது அழுத்தினேன். அவர் கை வலப்பக்கம் போனது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. கழற்றி மேசையில் வைத்தார்.

“பூஜைக்கு முன்னாடி எடுத்தது?”

“இருக்குங்க. ஒதுக்கி வெச்சுட்டேன்.”

“ஏன் காட்டல?”

ஆறு குஞ்சுகளின் நோட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டினார். கட்டுரையை மூடிவிட்டு எழுந்தார்.

“துறைத் தலைவர்கிட்ட நான் போய்ச் சொல்றேன். நீ மறுபடி முட்டை ஏத்து.”

இன்குபேட்டரில் பன்னிரண்டு முட்டை. பொரிக்க இருபத்தொரு நாள். அப்பாவின் போன் இரண்டு முறை வந்தது. எடுக்கவில்லை.