சம்பந்தியின் பதக்கங்கள்

பாரிஸ்,
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்களுக்குக் காது மந்தம் என்பதால் தொலைபேசியை விட்டுப் பேனையை எடுத்தேன். என் மகள் லக்சிகா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறாள். பாரிசுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெயில் இருக்கும் நேபாளப் பொடியன் சுமனைத்தான் கட்டுவாளாம். பொடியன் தங்கமானவன். அவனோடு இருக்கும் தகப்பன் தம்பர் பகதூர் இந்திய இராணுவத்தில், கூர்க்காப் படையில் சுபேதாராக இருந்தவர். வாய் திறந்தால் ரெஜிமென்ட் கதைதான். அவருடைய பாட்டன் முதலாம் உலகப் போரில் இதே பிரான்சின் வடக்கே சேற்றுக் குழிகளில் நின்றவராம். வெள்ளைக்காரன் போனபோது கூர்க்காப் படைகளைக் காணி மாதிரிப் பங்கு பிரித்தார்களாம்: ஆறு இந்தியாவுக்கு, நாலு பிரித்தானியாவுக்கு.

இந்திய ஆமி யாழ்ப்பாணத்தில் நின்ற எண்பத்தேழு, எண்பத்தெட்டில் அவர் எங்கே நின்றார் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கொண்டுபோன அத்தானை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நீங்கள் வேண்டாமென்றால் நிறுத்திவிடுகிறேன்.

உங்கள் தம்பி,
அரியரத்தினம்

கொக்குவில்,
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

பிள்ளையின் கலியாணத்தை என் தலையில் வைத்து நிறுத்தாதே. அத்தானைக் கொண்டுபோனது இந்திய ஆமியின் எந்தப் படை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகம் பார்க்கத் துணிவில்லாமல் சப்பாத்துகளைத்தான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி நீ ஒரு வரி எழுதியதில்லை, இப்போது திடீரென்று வெட்கமா? பந்தியில் கஞ்சத்தனம் காட்டாதே. லக்சிகாவுக்கு என் ஆசி.

அக்கா,
வள்ளிநாயகி

பாரிஸ்,
24 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்ரான் மண்டபத்தில் கலியாணம் ஒப்பேறியது. ஆனால் என் மகள் என்னோடு கதைப்பதில்லை.

சம்பந்தி கூர்க்காத் தொப்பியும் நெஞ்சு நிறையப் பதக்கங்களுமாக வந்தார். அவர்களுடைய வழக்கமாம். வாசலில் நின்ற லா சப்பல்காரன் சூசைநாதன், "என்ன அண்ணை, ஆமிக்காரனுக்கோ ஆராத்தி?" என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். நான் சம்பந்தியைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் உங்களைப் பற்றியும் அத்தானைப் பற்றியும் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். பதக்கங்களைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பந்தி முடியும்வரை ஒரு கையை அந்தப் பையில் வைத்தபடியே இருந்தார்.

லக்சிகா அறிந்துவிட்டாள். "பப்பா, ஜே ஓந்த் து துவா" என்றாள். என்னை நினைத்து அவளுக்கு வெட்கமாம்.

ஓகஸ்டில் உங்களிடம் ஆசி வாங்க வருகிறார்கள். உங்களுக்காகத்தான் அப்பா அப்படிச் செய்தார் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவள் கேட்பாள்.

தம்பி,
அரியரத்தினம்

கொக்குவில்,
12 ஓகஸ்ட் 2025

தம்பி,

அவர்கள் வந்தார்கள். சம்பந்தியும் வந்தார். நான் வரச் சொல்லும்வரை படலைக்கு வெளியே வெயிலில் நின்றார்.

அவர் சொன்னதைச் சுமன் பிரெஞ்சில் சொல்ல, லக்சிகா என் காதுக்குள் தமிழில் கத்தினாள். எண்பத்தெட்டில், இருபது வயதில், யாழ்ப்பாணத்துக்கு வந்தவராம்.

"வீடுகளுக்குள்ளை போனனீங்களோ?" என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார்.

"ஆக்களைக் கொண்டு போனனீங்களோ?"

அதற்கும் ஓம்.

அத்தானை அதற்கு முந்திய வருடமே கொண்டுபோய்விட்டார்கள். அது எனக்கு ஆறுதல் இல்லை.

பதக்கங்கள் எங்கே என்று கேட்டேன். பையில் இருந்தன. சட்டையில் குத்தச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இங்கே நின்றதற்குக் கொடுத்தது எது என்று அவரே விரலை வைத்துக் காட்டினார். அவர் அழுதார். நான் அழவில்லை, மன்னிக்கவும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார்.

என்னிடம் அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்கச் சொன்னவன் நீ. எனக்காகச் செய்தாய் என்று பிள்ளையிடம் சொல்ல மாட்டேன். சூசைநாதனுக்காகச் செய்தாய்.

மாத முடிவில் அவர்கள் பாரிசுக்குத் திரும்புகிறார்கள். லக்சிகாவோடு பிறகு பேசு, முதலில் ஆர்ஜொந்தெய்க்குப் போய் அவர் வாசலில் நில். அவர் உன்னை உள்ளே கூப்பிட்டால் எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

வள்ளிநாயகி